கோர்ஸ் முடிச்சாலும் எல்எம்எஸ்-ல முடிக்கலன்னே காட்டுதா? இப்படி செக் பண்ணுங்க

போன ஐப்பசியில கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு சுத்தம், பாதுகாப்பு பத்தி தமிழ்ல ஒரு ட்ரெய்னிங் கோர்ஸ் செஞ்சு குடுத்தேன், 52 ஸ்லைடு, நடுநடுவுல கேள்வி, கடைசியில க்விஸ். அங்க சூப்பர்வைசரா இருக்கற ஒரு அக்கா ஃபோன் பண்ணாங்க. "தம்பி, நேத்து நாப்பதாவது படம் வரைக்கும் பாத்துட்டுதான் மூடுனேன், இன்னிக்கு தொறந்தா திரும்ப இருபத்தி மூணுல வந்து நிக்குது, மூணு நாளா இதே கதைதான்." ஷிஃப்ட் முடிஞ்சு சமைச்சு வெச்சுட்டு ராத்திரி ஒக்காந்து படிக்கறவங்க அவங்க, மூணு ராத்திரி வீணாப் போச்சேன்னு எனக்கு மனசே கேக்கல. என் லேப்டாப்ல அதே கோர்ஸ் ஒரு தப்பும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு.

இந்த மாதிரி வந்தா கோர்ஸ் செய்யற டூல் மேல தப்பா, கோர்ஸை ஓட்டி யார் முடிச்சாங்கன்னு பதிவு பண்ற எல்எம்எஸ் (லேர்னிங் மேனேஜ்மெண்ட் சிஸ்டம்) மேல தப்பான்னு சண்டை போடறதுக்கு முன்னாடி, ரெண்டும் எந்த பாஷையில பேசிக்குதுன்னு பாருங்க. ஸ்டோரிலைன், கேப்டிவேட், ஐஸ்பிரிங் எதுல செஞ்சாலும் பப்ளிஷ் பண்ணும்போது ஸ்கார்ம் 1.2-வா, ஸ்கார்ம் 2004-ஆ, எக்ஸ்ஏபிஐ-யான்னு கேக்கும், கோர்ஸும் எல்எம்எஸ்-ஸும் பேசிக்கற பாஷைங்க இதுங்கதான். 1.2 வந்தது 2001-ல, இன்னிக்கும் அதிக இடத்துல ஓடறது அதுதான். உங்க எல்எம்எஸ் மூடுல்னா 1.2-ஐயே எடுத்துக்கங்க, 2004-ஐ அது முழுசா சப்போர்ட் பண்றதில்ல. எதுன்னு தெரியலைன்னா எல்எம்எஸ் அட்மினை ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுருங்க, ஊகிச்சு பப்ளிஷ் பண்ணாதீங்க.

இப்ப அந்த அக்கா விஷயத்துக்கு வரேன், ஏன்னா தமிழ் கோர்ஸ் செய்யறவங்களுக்கு இதுதான் ரொம்ப அடிக்கும். படிக்கறவர் எந்த ஸ்லைடுல இருந்தார், எதுக்கு என்ன பதில் சொன்னார்ங்கறதை எல்லாம் கோர்ஸ் ஒரே சரமா கோத்து எல்எம்எஸ் கிட்ட குடுத்து வெக்கும், அதுக்குப் பேரு சஸ்பெண்ட் டேட்டா. 1.2-ல இதுக்கு 4096 கேரக்டர்தான் இடம். அதைத் தாண்டுனா எல்எம்எஸ் புதுசை வாங்காம 405-ன்னு எரர் குடுத்துட்டு பழசையே வெச்சிருக்கும், ஆனா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது. அதான் 40 வரைக்கும் போனவங்க திரும்பத் திரும்ப 23-லயே வந்து நின்னாங்க. என் கோர்ஸ்ல ஒவ்வொரு கேள்விக்கும் பதிலோட முழு வாக்கியத்தையே வேரியபிள்ல சேத்து வெச்சிருந்தேன், அதுதான் இடத்தைத் தின்னுருச்சு. "கொழுந்து"ன்னு நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, யூனிகோட்ல அது எட்டு கேரக்டர், ஏன்னா ஒகரக் கொம்பு, உகரம், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். பைட் கணக்குல எண்ணற சர்வரா இருந்தா யூடிஎஃப்-8-ல அதே சொல்லு 24 பைட்.

அதனால பதிலை ஏ, பி, சி-ன்னு ஒத்தை எழுத்தா மட்டும் சேமிங்க, கேள்விக்கு குடுக்கற ஐடியிலயும் தமிழும் ஸ்பேசும் வேணாம். அப்பவும் பத்தலைன்னா கோர்ஸை உடைச்சிருங்க, நான் மூணா உடைச்சேன், இப்ப ஒவ்வொண்ணும் கால் மணி நேரத்துல முடியுது. உங்க எல்எம்எஸ் ஸ்கார்ம் 2004 மூணாம் எடிஷனை ஒழுங்கா ஓட்டுச்சுன்னா அதுல 64000 வரைக்கும் இடம் இருக்கு. மூடுல் அட்மினா இருந்தா ஸ்கார்ம் செட்டிங்ஸ்ல 1.2 ஸ்டாண்டர்ட்ஸ் மோடை ஆஃப் பண்ணிட்டா 4096-க்கு மேலயும் வாங்கிக்கும், ஆனா அதே கோர்ஸை நாளைக்கு வேற எல்எம்எஸ்-க்கு குடுத்தா அங்க மறுபடி முட்டும், அதனால நான் இதைக் கடைசி வழியாத்தான் சொல்வேன்.

அடுத்தது ஸ்டேட்டஸ். 1.2-ல பாஸும் கம்ப்ளீட்டும் ஒரே கட்டத்துல எழுதற விஷயம், 2004-லதான் ரெண்டும் தனித்தனி. உங்க டூல் "பாஸ்ட்"னு அனுப்பி, எல்எம்எஸ் "கம்ப்ளீட்டட்"டுக்கு காத்துட்டு இருந்தா நூத்துக்கு நூறு வாங்கினவங்களும் முடிக்காதவங்க லிஸ்ட்லதான் இருப்பாங்க. பப்ளிஷ் பண்ற எடத்துல ரிப்போர்ட்டிங்னு இருக்கும் பாருங்க, அட்மின் எந்த வார்த்தையை எதிர்பாக்கறாரோ அதையே அங்க வைங்க.

அப்லோட் பண்ணும்போதே "மேனிஃபெஸ்ட் இல்ல"ன்னு சொன்னா ஜிப்பை அன்ஜிப் பண்ணி மறுபடி ஜிப் பண்ணும்போது ஃபோல்டரோட சேத்து பண்ணிருப்பீங்க. கோர்ஸ்ல என்னென்ன இருக்குன்னு எல்எம்எஸ்-க்கு சொல்ற ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் ஃபைல் ஜிப்பைத் தொறந்த உடனே கண்ணுல படணும், இன்னொரு ஃபோல்டருக்குள்ள இருக்கக்கூடாது. படம், ஆடியோ ஃபைல் பேரெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல வைங்க, விண்டோஸ்ல ஓடுற பெரிய எழுத்துப் பேரு லினக்ஸ் சர்வர்ல கிடைக்காமப் போகும்.

நம்ம மலைக்குன்னு ஒரு பிரச்சனை இருக்கு. காத்துல மரம் விழுந்து கரண்ட் போச்சுன்னா கொஞ்ச நேரத்துல டவரும் போயிரும். ஸ்கார்ம் கோர்ஸுக்கு சேவ் பண்ற நேரத்துல நெட் இருந்தே ஆகணும், இல்லைன்னா அந்த மார்க் காத்தோட போச்சு. ஃபோன்ல ப்ரௌசரை அப்படியே ஸ்வைப் பண்ணி மூடிட்டாலும் கடைசி சேவ் நடக்காம போகலாம். அதனால முடிச்சாச்சுன்னு எல்எம்எஸ்-க்கு சொல்ற கம்ப்ளீஷன் ட்ரிகரை கடைசி நன்றி ஸ்லைடுல வெக்காதீங்க, க்விஸ் ரிசல்ட் வர்ற ஸ்லைடுலயே வைங்க, பக்கத்துல பெருசா "முடிச்சாச்சு, வெளிய போ"ன்னு ஒரு பட்டன் வெச்சு அதை அமுக்கித்தான் மூடணும்னு மொத ஸ்லைடுலயே சொல்லிருங்க.

எங்க தப்புன்னு பிரிச்சுப் பாக்க அதே ஜிப்பை, ஸ்கார்ம் கோர்ஸை சோதிச்சுப் பாக்கற ஸ்கார்ம் க்ளௌட் வெப்சைட்ல ஏத்திப் பாருங்க. அங்கயும் தப்பா ஓடுனா உங்க பேக்கேஜ்ல கோளாறு, அங்க சரியா ஓடுனா எல்எம்எஸ் பக்கம் தேடணும். ரெண்டுலயும் எஃப்12 அமுக்கி கன்சோலைத் தொறந்து வெச்சுக்கிட்டே ஓட்டுங்க, 1.2-ல 301-னு வந்தா எல்எம்எஸ்-ஓட தொடர்பே ஆரம்பிக்கலன்னு அர்த்தம், 405-னா குடுத்த டேட்டா புடிக்கலன்னு அர்த்தம். அட்மினுக்கு மெயில் போடும்போது அந்த நம்பர், ஸ்கார்ம் வெர்ஷன், நடந்த நேரம் மூணையும் எழுதுங்க.

சரி பண்ண ஜிப்பை பாதி படிச்சவங்க இருக்கும்போது பழசு மேலயே ஏத்தாதீங்க, பழைய சஸ்பெண்ட் டேட்டா புது ஸ்லைடோட பொருந்தாம எங்கயோ கொண்டு போய் விடும். நான் தனி ஆக்டிவிட்டியா ஏத்திட்டு, அந்த அக்காவுக்கு நானே ஃபோன் பண்ணி, முத ரெண்டு பாகம் நீங்க படிச்சதுதான், க்விஸ் மட்டும் போட்டுட்டு மூணாவதுல இருந்து பாருங்கக்கான்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு ரிப்போர்ட்ல மூணும் பச்சையா வந்துச்சு.