ஸ்ட்ராட்டைக் கொடுத்து லெஸ் பால் வாங்கலாமா? கைமாறும் முன் பார்க்க வேண்டியவை

ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வைத்திருப்பவருக்கு கிப்சனின் லெஸ் பால் மேல் ஆசை வருவதும், லெஸ் பால் வைத்திருப்பவர் ஸ்ட்ராட்டுக்கு ஏங்குவதும் எலெக்ட்ரிக் கிட்டார் உலகில் சகஜம். காசு அதிகம் புரளாத பேரம் என்பதால் சட்டென்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் மாற்றத் தூண்டும் குறைகளில் பல வெறும் செட்டப் கோளாறுகள், அதாவது ஸ்ட்ரிங், பிக்கப் உயரம் போன்றவற்றைச் சரியாக அமைக்காததால் வருபவை. ஒரு செட் ஸ்ட்ரிங்கும் ஒரு திருப்புளியும் இருந்தால் ஒரே மாலையில் சரியாகிவிடும். அதனால் எதிராளியின் கிட்டாரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் கிட்டாரைச் சோதியுங்கள்.

முதலில் என்ன குறை என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "சவுண்ட் பிடிக்கவில்லை" என்று எழுதினால் போதாது. எந்தப் பிக்கப்பில் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்), எந்த ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி), என்ன வாசிக்கும்போது என்று குறிப்பாக எழுத வேண்டும்.

அதிகம் கேட்கும் குறை, "ஸ்ட்ரிங் கனமாக இருக்கிறது, பெண்ட் பண்ண முடியவில்லை" என்பது. பெண்ட் என்பது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. ஸ்ட்ராட்டின் ஸ்கேல் நீளம், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் பகுதியின் நீளம், 25½ அங்குலம், லெஸ் பாலுக்கு 24¾. ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டிலும் போட்டால் லெஸ் பாலில் இழுவிசை சுமார் 6 சதவீதம்தான் குறையும். அதே ஸ்ட்ராட்டில் 10 செட்டைக் (முதல் ஸ்ட்ரிங் 0.010 அங்குலத் தடிமன்) கழற்றிவிட்டு 9 செட் (0.009) போட்டால் முதல் ஸ்ட்ரிங்கின் இழுவிசை கிட்டத்தட்ட 19 சதவீதம் குறைந்துவிடும். பெண்ட் மட்டும்தான் பிரச்சினை என்றால் கிட்டாரை மாற்ற வேண்டியதே இல்லை.

இரண்டாவது, 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த ஸ்ட்ரிங்கில் சுருதி சேராமல், இரண்டு ஸ்வரம் மோதுவதுபோல் அலைபாய்வது. இதைக் கேட்டதும் பலர் கிட்டாரே சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஸ்ட்ராட்டில் உள்ள சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள் கொண்ட) பிக்கப்பின் காந்தம் ஸ்ட்ரிங்குக்கு மிக அருகில் இருந்து அதை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் என்பது தொடங்க நல்ல அளவு. அப்போதும் அலைபாய்ந்தால் நெக்கை ஒட்டிய பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

மூன்றாவது, இரைச்சல். சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம்மை அப்படியே வாங்கிக்கொள்ளும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களை வைத்து இதை ரத்துசெய்யும் ஹம்பக்கருக்கு கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1957இல் அது லெஸ் பாலில் ஏறியது. அமைதி வேண்டும் என்பதற்காக லெஸ் பாலுக்கு மாறுவது நியாயமான காரணம்தான். ஆனாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். இன்றைய ஸ்ட்ராட்களில் பெரும்பாலானவற்றில் நடுப் பிக்கப் தலைகீழாகச் சுற்றப்பட்டிருக்கும். ஐந்து நிலைப் பிக்கப் ஸ்விட்சை 2ஆம் அல்லது 4ஆம் இடத்தில் வைத்தால் ஹம் அடங்க வேண்டும். அங்கேயும் அடங்கவில்லை என்றால் கிட்டாரின் வயரிங்கையும் பிளக் பாயிண்டின் எர்த்தையும் பாருங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் இயல்பு. தொட்டதும் கூடினால் எர்த் கம்பி மாறியிருக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் லெஸ் பாலும் முனகத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் மிஞ்சும் குறைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். பிக்கப், பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள பாகம்), ட்யூனர், நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) எல்லாம் மாற்றக்கூடியவை. ஸ்கேல் நீளம், நெக்கின் பருமன், உடலின் எடை, மேல் ஃப்ரெட்களுக்குக் கை போகும் வசதி ஆகியவற்றை எளிதில் மாற்ற முடியாது. கிட்டாரைக் கைமாற்ற இவைதான் உண்மையான காரணங்கள். லெஸ் பால் சாதாரணமாக 4 கிலோவைத் தாண்டும். ஸ்ட்ராட் பெரும்பாலும் மூன்றரை கிலோவை ஒட்டியே இருக்கும். உட்கார்ந்து வாசித்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எதிராளியின் கிட்டாரை ஸ்ட்ராப் போட்டு அரைமணி நேரம் நின்றே வாசியுங்கள். தோள் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒலியை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஹம்பக்கரின் வெளியீடு அதிகம். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலவே கேட்கும். உங்கள் ஆம்பிலேயே இரண்டையும் சொருகி, காதுக்குச் சமமாகும்வரை லெஸ் பாலின் வால்யூமைக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பகுதியை இரண்டிலும் போனில் பதிவுசெய்து, மறுநாள் கேட்டு முடிவெடுங்கள்.

எதிராளியின் கிட்டாரைச் சோதித்தல்

லெஸ் பால் என்றால் கண் முதலில் போக வேண்டிய இடம் நட்டுக்குப் பின்னால், ட்யூனர்கள் உள்ள ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடம். கிப்சனில் ஹெட்ஸ்டாக் பெரும்பாலும் 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால் மரத்தின் இழை அங்கே குறுகிப்போகிறது. ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) மரைக்காக அதே இடத்தில்தான் மரத்தைக் குடைந்தும் இருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை பின்பக்கமாக விழுந்தாலே போதும், ஒடிந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். மயிரிழைபோல ஒரு கோடு நகத்தில் தட்டினாலோ, அந்த இடத்தில் மட்டும் பாலிஷின் பளபளப்பு மாறியிருந்தாலோ, ஒட்டிய நெக்காக இருக்கலாம். நன்றாக ஒட்டியது உறுதியாகவே நிற்கும், வாசிக்கவும் குறை இருக்காது. ஆனால் மறுவிற்பனை விலை பெரிதாக அடிபடும். அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

அடுத்து நெக். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்து, 7ஆம் 8ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன், அதாவது கால் மில்லிமீட்டர் அளவு, இருந்தால் சரி. கூடுதலாக வளைந்திருந்தால் உரிமையாளரையே ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே முழுக்க இறுகியும் நெக் நிமிரவில்லை என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். கால் சுற்றுக்கு அசைந்து கொடுத்தால் கவலையில்லை.

ஃப்ரெட்களில், முதல் மூன்றில் மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 12 முதல் 17வரை முதல் இரண்டு ஸ்ட்ரிங்குகளில் ஒரு முழு டோன் பெண்ட் செய்யுங்கள். நடுவில் ஸ்வரம் செத்தால் ஏதோ ஒரு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. லெவலிங் செய்தால், அதாவது ஃப்ரெட்களைச் சமமாக அராவினால், போகும். ஆனால் ஃப்ரெட்கள் ஏற்கெனவே தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தால் லெவலிங் செய்ய உயரம் மிஞ்சாது, ரீஃப்ரெட், அதாவது புது ஃப்ரெட்கள் போடுவதுதான் வழி. லெஸ் பால் நெக்கின் ஓரப் பட்டை (பைண்டிங்) காரணமாக அந்த வேலைக்குக் கூலியும் கூடும்.

மூன்றாவது ஸ்ட்ரிங்கை ட்யூன் செய்யும்போது "டிங்" என்று சத்தம் வந்தால் நட்டில் சிக்குகிறது என்று அர்த்தம். லெஸ் பால்களில் இது மிகச் சாதாரணம்; பென்சில் கரியைத் தடவினாலோ நட்டை லேசாக அராவினாலோ சரியாகும். இதற்காக நல்ல கிட்டாரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பிக்கப்களுக்கு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையில் அளக்கலாம். சாதாரண ஹம்பக்கர் 7 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டும். ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயில் ஐந்தரை முதல் ஏழு வரை. ஹம்பக்கர் பாதி அளவே காட்டினால் காயில் ஸ்ப்ளிட் (ஒரு காயிலை அணைக்கும் இழு குமிழ்) இழுத்துவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு காயிலில் கோளாறு. பாட்டைத் திருப்பும்போது கரகரத்தால் வெறும் தூசி.

சென்னை, தூத்துக்குடி மாதிரியான கடலோர ஊர்க் கிட்டார் என்றால் பிரிட்ஜின் சிறு திருகுகள் ஒவ்வொன்றும் சுழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உப்புக் காற்றில் துருவேறி இறுகிய திருகு, ஆக்‌ஷனைச் (ஸ்ட்ரிங் உயரத்தை) சரிசெய்யவே விடாது. போலிகளையும் கவனியுங்கள்: கிப்சனின் ட்ரஸ் ராட் மூடியில் இரண்டு திருகுதான் இருக்கும், கிப்சன் என்று எழுதி மூன்று திருகு இருந்தால் நம்பாதீர்கள்.

கணக்கு

இரண்டு கிட்டாருக்கும் கடை விலையைப் பார்க்காதீர்கள். பயன்படுத்தியது உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். உங்களுடையது 50,000 ரூபாய்க்கும் அவருடையது 58,000 ரூபாய்க்கும் போகும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 8,000 மேலே கேட்பார். ஆனால் அவருடைய கிட்டாருக்கு ரீஃப்ரெட்டும் நட்டும் சேர்த்து 7,500 ஆகும் என்றால் நீங்கள் தர வேண்டியது 500தான். நீங்கள் மாட்டிய விலையுயர்ந்த பிக்கப்களுக்கு யாரும் முழு விலை தர மாட்டார்கள். பழைய பிக்கப்கள் இருந்தால் அவற்றைத் திரும்ப மாட்டி, புதியவற்றைத் தனியாக விற்பது லாபம். கேஸ், வேமி பார் (சுருதியை அசைக்கும் கைப்பிடி), பில் எல்லாம் யாரிடம் போகிறது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கைமாற்றும் நாளில் சீரியல் எண், தேதி, மேலே கொடுத்த தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக் கிட்டார் என்று பின்னால் பிரச்சினை வந்தால் அந்தத் தாள்தான் பேசும். அடுத்த இரண்டு வாரத்தில் மேடை நிகழ்ச்சி இருந்தால் அதை முடித்துவிட்டு மாற்றுங்கள். ஸ்கேல் நீளம் மாறியதும் கார்டுகளைப் (chord) பிடிக்கும்போது விரல் கொஞ்சம் தள்ளியே விழும். அது பழகச் சில நாள் பிடிக்கும்.