டிக் அடித்தால் பிழை போகும், பழக்கம் போகாது

இரண்டாம் மொழியில் எழுதிப் பழகுகிறவர்களுக்கு, பலர் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸ் போன்ற கருவிகள் பெரிய வரம். ஆனால் வந்த திருத்தங்களை வரிசையாக டிக் அடித்து ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அந்த வரத்தை வீணாக்கிவிடுகிறது. 'நேற்று' என்று தொடங்கும் வாக்கியத்தில் நிகழ்கால வினை போட்டுவிட்டீர்கள், நண்பர் மாற்றினார், நீங்கள் டிக் அடித்தீர்கள். யோசித்தவர் நண்பர்தான். அடுத்த வாரம் அதே பிழை மறுபடி வரும்.

நானும் நெடுநாள் இப்படித்தான் இருந்தேன். இப்போது உதவி கேட்கும்போதே, "மாற்ற வேண்டாம், பிழை இருக்கும் இடத்தில் கமென்ட் மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். 'காலம்?' என்று ஒரு சொல் போதும், மீதியை நானே கண்டுபிடித்துத் திருத்துகிறேன். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது மட்டும் விதிக்குள் அடங்காது. அங்கே சரியான தொடரையே எழுதித் தரச் சொல்லலாம்.

"என் மொழியே அரைகுறை, நான் எப்படி இன்னொருவர் எழுத்தில் கருத்துச் சொல்வது?" என்று ஒதுங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய இழப்பு. லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சக மாணவர்களின் எழுத்துக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகியவர்கள், கருத்தைப் பெற்றுப் பயன்படுத்த மட்டும் பழகியவர்களைவிடத் தங்கள் எழுத்தில் அதிகம் முன்னேறினார்கள். அதுவும் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. பிறர் பத்தியில் ஓட்டையைத் தேடிப் பழகிய கண் தன் பத்தியிலும் தேடும். இலக்கணம் சொல்லத் தயக்கமா? "இந்த வரி எனக்குப் புரியவில்லை" என்று எழுதுங்கள், அதுவே நல்ல கருத்து.

சேர்ந்து எழுதும்போது "முன்னுரை உனக்கு, முடிவுரை எனக்கு" என்று பங்கு பிரிப்பதும் வேண்டாம். அது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதுவது, அவ்வளவுதான். நியோமி ஸ்டோர்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இருவராகச் சேர்ந்து எழுதியவர்களின் கட்டுரைகள் நீளத்தில் குறைந்தாலும் இலக்கணத்தில் மேம்பட்டிருந்தன. ஒரே வாக்கியத்தை இருவரும் வாதாடி முடிக்க நேரம் பிடிக்கும். அந்த வாதத்தைத் தாய்மொழியில் நடத்தினாலும் குற்றமில்லை.

அப்புறம், ஆவணத்தின் பழைய வடிவங்களைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தே பார்க்காமல் விடாதீர்கள். மாதம் ஒருமுறை பழைய வரைவுகளைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் மூன்று பிழைகளைக் குறித்து, அடுத்த கட்டுரைப் பக்கத்தின் உச்சியிலேயே எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.