சவுத் டகோட்டாவில் நாயோடு ஃபெசன்ட் வேட்டை: பொது நிலத்தில் ஐந்து நாள்

ஃபெசன்ட் என்பது நீண்ட வாலுள்ள, கோழி இனத்துப் பறவை. அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்துக்கு அதன் வேட்டைக்குப் போக ஆசைப்படும் நண்பர்கள் முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கிறார்கள், அடுத்து இடத்தைப் பற்றி. நாயின் பேச்சு கடைசியில்தான் வரும். நான் திட்டம் போடும் வரிசை நேர் எதிர். என்னுடைய நாய் செம்பி, பறவையை மோப்பம் பிடித்து நின்று காட்டும் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்ட்டர் இனம். ஐந்து நாளும் அவள் கால் நோகாமல் ஓட வேண்டும் என்பதிலிருந்துதான் என் கணக்கு தொடங்குகிறது. தேதி, தங்கும் இடம், நடக்கும் தூரம் எல்லாம் அதற்குப் பின்னால்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவளைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவேன். ஆகஸ்ட் கடைசியில் காலை வேளையில் சிறிது தூரம், அப்புறம் வாரா வாரம் கூட்டிக்கொண்டே போவேன். சரளைப் பாதையில் ஓடவிட்டால் பாதம் தானாகத் தடிக்கும். வார நாள் முழுக்க சோபாவில் கிடந்த நாயைச் சனிக்கிழமை புல்வெளியில் இறக்கிவிட்டால் இரண்டாம் நாளே நொண்டும். நகத்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள், முந்தின நாள் வெட்டி ரத்தம் வரவைக்காதீர்கள்.

அடுத்து உரிமம். வெளி மாநிலத்தவருக்கான சிறு விலங்கு உரிமம் (ஃபெசன்டும் இதில் அடங்கும்) ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணைக்குச் செல்லும். நான் ஒன்றை அக்டோபர் கடைசிக்கும் மற்றொன்றை டிசம்பருக்கும் வைத்துக்கொள்வேன். பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 3 சேவல்தான், பெட்டையைச் சுடவே கூடாது. காலை 10 மணிக்கு முன் சுட அனுமதி இல்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மாநிலத்தின் வேட்டை விலங்கு, மீன், பூங்காத் துறை வெளியிடும் கையேட்டை ஒவ்வொரு முறையும் படித்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. ஆகவே உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எந்த விசாவானாலும் சரி, துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். நான் இருக்கும் மினசோட்டாவில் 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேட்டை உரிமம் வாங்க முடியாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டைப் பழக்கமே கிடையாது. சொல்லித்தர ஆள் வேண்டும்.

இனி இடம். மினியாபோலிஸிலிருந்து நெடுஞ்சாலை 12-ஐப் பிடித்து மேற்கே போனால் ஐந்து மணி நேரத்தில் அபர்டீன். இரண்டாம் உலகப் போரின்போது ரயிலில் அந்த ஊரைக் கடந்துபோன சிப்பாய்களுக்கு உள்ளூர்க்காரர்கள் ஃபெசன்ட் சாண்ட்விச் இலவசமாகக் கொடுத்தார்கள், அந்த அளவுக்கு அங்கே பறவை. தெற்கே ஸ்பிங்க் கவுன்டி. மாநிலத்தின் முதல் ஃபெசன்ட் பருவம் 1919-இல் அங்கேதான் நடந்தது, ஒரே ஒரு நாள். சீனாவிலிருந்து வந்த இந்தப் பறவைதான் இன்று மாநிலப் பறவை.

பொது நிலத்தில் மூன்று வகை உங்களுக்கு முக்கியம். நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகள் கூட்டாட்சி அரசுடையவை. பெரும்பாலும் டக் ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்கும் கூட்டாட்சி முத்திரை) பணத்தில் வாங்கியவை. ஃபெசன்ட் வேட்டைக்கு அந்த ஸ்டாம்ப் தேவையில்லை, ஆனாலும் நான் ஆண்டுதோறும் வாங்குகிறேன். நான் நடக்கும் புல்லுக்கு அந்தப் பணம்தான் விலை கொடுத்திருக்கிறது. இரண்டாவது, வேட்டை விலங்குகளுக்காக மாநிலம் பராமரிக்கும் கேம் புரொடக்‌ஷன் ஏரியா. மூன்றாவது வாக்-இன் ஏரியா. அது தனியார் நிலம், வேட்டைக்காரர்களை அனுமதிக்க மாநிலம் உரிமையாளருக்குப் பணம் தருகிறது, நடந்து மட்டுமே போகலாம். எல்லைப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், பக்கத்து வயலுக்குள் காலை வைக்காதீர்கள். நீர்ப்பறவைப் பகுதிகளில் ஈயக் குண்டு கூடாது, பல மாநில நிலங்களிலும் அப்படித்தான். இதற்காக நான் எங்கும் எஃகுக் குண்டு மட்டுமே எடுத்துப்போகிறேன், அக்டோபரில் 4-ஆம் எண், டிசம்பரில் 2-ஆம் எண் (எண் குறைந்தால் குண்டு பெரிது).

வீட்டிலிருக்கும்போதே நில எல்லைகளைக் காட்டும் ஆன்எக்ஸ் என்ற வரைபடச் செயலியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு இடமாவது குறித்து, வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. போய்ச் சேரும்போது குறித்த இடத்தில் வேறு வண்டி நிற்கலாம், அப்படியென்றால் அடுத்த இடத்துக்கு நகர்வதுதான் மரியாதை. ஒரே இடத்தில் மூன்றும் இருக்கிறதா பாருங்கள்: இரைக்கு மக்காச்சோளமோ சூரியகாந்தியோ, பகலில் ஒதுங்க உயரமான புல், குளிருக்கு ஒளிய சம்புக்கோரை. அக்டோபரில் மக்காச்சோளம் அறுவடையாகாமல் நின்றால் பறவை அதற்குள்ளேயே இருந்துவிடும். பனி விழுந்த பிறகு கூட்டமாகச் சம்புக்குள் புகுந்துகொள்ளும். அதனால்தான் எனக்கு டிசம்பர் பிடிக்கும். கூட்டமும் குறைவு, சதுப்பும் உறைந்து நடக்க வாகாக இருக்கும். பனிக்கட்டி தாங்குமா என்று காலால் சோதிக்காமல் மட்டும் நாயை விடக் கூடாது.

ஒரு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். 10 மணியிலிருந்து நண்பகல் வரை ஒரு நடை. அப்புறம் வண்டியில் நாய்க்கு நல்ல ஓய்வு. சூரியன் மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மறுபடி ஒரு நடை. அந்த நேரத்தில் பறவைகள் வயலிலிருந்து புல்லுக்குத் திரும்பும், நாளின் சிறந்த வேட்டை அதுதான். அக்டோபர் கடைசியில் ஆறு மணி தாண்டி வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வெயில் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மதிய நடையை விட்டுவிடுவேன். புல்லுக்குள் காற்றே இருக்காது, அங்கே ஓடும் நாய் சூட்டில் சுருண்டு விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. தண்ணீர் வண்டியில் இருந்தால் போதாது, முதுகுப் பையிலும் இருக்க வேண்டும். குட்டையில் பச்சைப் படலம் தெரிந்தால் நாயை அருகே விடாதீர்கள், அதில் நச்சுப்பாசி இருக்கலாம்.

எதிர்காற்றில் நுழையுங்கள். வண்டிக் கதவை அறையாதீர்கள், பேச்சைக் குறையுங்கள். பொது நிலத்துச் சேவலுக்கு அந்தச் சத்தமெல்லாம் அத்துப்படி, நீங்கள் இறங்கும்போதே மறுகோடிக்கு ஓடத் தொடங்கிவிடும். புல் முடியும் மூலை வரை முழுக்க நடங்கள், ஓடிய பறவை அங்கேதான் வேறு வழியில்லாமல் எழும். நாய் மோப்பம் பிடித்து நிலைகுத்தி நின்றால் பக்கவாட்டில் சுற்றி வந்து நெருங்குங்கள். சேவலுக்கு அடையாளமான கழுத்தின் வெள்ளை வளையமும் நீண்ட வாலும் கண்ணில் படாமல் விசையைத் தொடாதீர்கள். பறவைக்குப் பின்னால் வானம் தெரியாவிட்டால் சுடவே சுடாதீர்கள். தாழப் பறக்கும் பறவையைத் துரத்தி நாயும் குதிக்கும். இந்த ஒரு விஷயத்தில் என்னோடு வருகிறவர் யாராக இருந்தாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நாய்க்கான பையில் முள்ளம்பன்றி முள் பிடுங்கக் குறடு, தோல் காயத்தை மூட ஸ்டேப்ளர், தானே ஒட்டும் கட்டுத்துணி, கண் கழுவும் உப்புநீர், பொறியில் சிக்கினால் வெட்டக் கம்பிவெட்டி இருக்கட்டும். முட்கம்பி வேலிக் கிழிசல்தான் அடிக்கடி வரும் காயம். இரவிலும் எடுக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணை ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். விடுதியில் முன்பதிவு செய்யும்போதே நாயை உள்ளே விடுவார்களா, பறவை சுத்தம் செய்ய அறையும் ஃப்ரீசரும் உண்டா என்று கேளுங்கள்.

சுத்தம் செய்யும்போது தலை, இறகோடு கூடிய சிறகு, பாதம் இவற்றில் ஒன்றைப் பறவையோடு விட்டுவைக்க வேண்டும். சேவல்தான் என்று வழியில் அதிகாரிக்குக் காட்ட அது தேவை. நெஞ்சுக் கறி மிளகு போட்டு நிமிடங்களில் வதங்கிவிடும், அதற்கு மேல் வைத்தால் காய்ந்துபோகும். தொடை நாட்டுக்கோழியைவிடக் கெட்டி, குழம்பில் நிதானமாக வெந்தால்தான் நரம்பு கழன்று வரும்.

ஆனால் கறிக்கு முன்னால் நாய். விரல் இடுக்கு, காது, அக்குள், கண் இமை என ஒவ்வொன்றாக விளக்கைப் பிடித்துப் பாருங்கள். புல் கதிரின் முள் தோலுக்குள் புகுந்தால் உள்ளேயே நகர்ந்து நுரையீரல் வரை போகும். பிறகு வெந்நீரில் பாதத்தைக் கழுவித் துடைத்து, உடல் சூடு தணிந்த பிறகு அன்றைய முழுச் சாப்பாட்டை இரவில் போடுங்கள். காலையில் வயிறு நிறையப் போட்டு ஓடவிட்டால் வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. செம்பி ஒரு காலைத் தூக்கி நின்றால் மறுநாள் அவளுக்கு விடுமுறை, அன்று நானும் வேட்டைக்குப் போவதில்லை.