மூக்குக்கண்ணாடிக்குப் பின்னல் நூலில் ஓர் உறை

கையால் பின்னிய கண்ணாடி உறை அழகாக இருந்தால் மட்டும் போதாது, வில்லையில் கீறல் விழாமல் காக்கவும் வேண்டும். அதற்கு இரண்டு தேவை: நெருக்கமான பின்னல், உள்ளே ஒரு பருத்தித் துணி. இன்றைய வில்லைகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கால் ஆனவை. நூலின் இழைகளுக்குள் சிக்கும் நுண்மணல் அவற்றில் எளிதில் கோடு போட்டுவிடும் என்பதால், உள்துணி இல்லாத உறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கைப்பையின் அடியில் விழும் பாரத்தை இவ்வுறை தாங்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குக் கெட்டியான பெட்டியே சரி.

டபுள் நிட்டிங் எனப்படும் நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக் நூல் 50 கிராம் தாராளமாகப் போதும். வழக்கமாக இந்த நூலுக்கு 8ஆம் எண் ஊசியை, அதாவது 4 மில்லிமீட்டர் ஊசியை எடுப்பார்கள். உறைக்கு 10ஆம் எண் ஊசியே ஏற்றது. நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் அளவுமுறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 10ஆம் எண் என்பது 3.25 மில்லிமீட்டர். ஊசி மெலிந்தால் கண்ணிகள் (ஊசியில் ஏறும் நூல் வளையங்கள்) நெருங்கி, துணி விறைப்பாக நிற்கும்.

கண்ணாடியை மடித்து அதன் உயரத்தையும் பருமனையும் அளந்து கூட்டினால் உறையின் அகலம் கிடைக்கும். உயரம் 5.5, பருமன் 4 எனில் அகலம் 9.5 சென்டிமீட்டர். இனி, 30 கண்ணிகள் ஏற்றி ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதன் நடுப்பகுதியில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால், இந்தச் சோதனையைத் தவிர்த்தால் அளவு கட்டாயம் பிசகும். 24 கண்ணிகள் அடங்கினால் 9.5 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 23 வேண்டும். பொத்தான் துளை நடுவில் அமைவதற்காக அதை இரட்டைப்படையாக்கி 24 என்று வைத்துக்கொள்ளலாம்.

24 கண்ணிகளை ஏற்றி, எல்லா வரிசைகளையும் நிட் பின்னலாகவே (நூலைப் பின்பக்கம் வைத்துப் போடுவது) போடுங்கள். ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் (நூலை முன்பக்கம் வைத்துப் போடுவது) என மாற்றி மாற்றிப் போடும் வழவழப்பான பின்னல் ஓரங்களில் சுருண்டுகொள்ளும். நிட் மட்டுமே போட்ட பின்னல் சுருளாது, தடிப்பாகவும் இருக்கும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலை முன்பக்கம் வைத்து, முதல் கண்ணியைப் பின்னாமல் பர்ல் போடுவதுபோல் வலது ஊசிக்கு மாற்றிவிட்டு, நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே பின்பக்கம் கொண்டுபோய் மற்றவற்றைப் பின்னுங்கள். இப்படிச் செய்தால் ஓரம் சங்கிலிபோல் சீராக அமையும். இரண்டு வரிசைக்கு ஒரு சங்கிலிக் கண்ணி வீதம் வருவதால், பின்னர் பக்கங்களைத் தைக்கும்போது கண்ணிக்குக் கண்ணி பிசகாமல் பொருந்தும்.

கண்ணாடியின் நீளம் 16 சென்டிமீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 17 வீதம் 34 சென்டிமீட்டர் வரை பின்னி, மூடிக்காக மேலும் 4 சென்டிமீட்டர் தொடருங்கள். அந்த இடத்தில் 11 கண்ணிகளை வழக்கம்போல் பின்னி, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, ஊசியின்மேல் நூலை ஒருமுறை சுற்றி, மீதி 11 கண்ணிகளையும் பின்னினால் பொத்தான் துளை தயார். அடுத்த வரிசையில் அந்தச் சுற்றையும் ஒரு கண்ணியாகவே பின்ன வேண்டும். இன்னும் 2 சென்டிமீட்டர் பின்னிக் கண்ணிகளை முடித்துவிடலாம்.

பட்டையை 17 சென்டிமீட்டரில் மடித்து, அதே நூலால் இரு பக்கச் சங்கிலிகளையும் சேர்த்துத் தையுங்கள். முன்புறத்தில் துளைக்கு நேரே 1 சென்டிமீட்டர் அகலமுள்ள மர அல்லது சிரட்டைப் பொத்தானை உள்துணி வைப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். அப்போதுதான் முடிச்சு துணிக்குப் பின்னால் மறைந்து, வில்லையில் உரசாது.

உள்ளே வைக்கப் பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. புதுத்துணி என்றால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி உறையை இழுக்கும். 11.5க்கு 36 சென்டிமீட்டர் துண்டை அதன் நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்து, பக்கங்களில் 1 சென்டிமீட்டர் விட்டுத் தைத்து, புரட்டாமல் அப்படியே உறைக்குள் செருகுங்கள். தையல் விளிம்புகள் பின்னலுக்கும் துணிக்கும் இடையில் அடங்கிவிடும். துணியின் வாயை 1 சென்டிமீட்டர் பின்னல் பக்கமாக மடித்து, உறையின் வாயோடு சிறு தையல்களால் பிணையுங்கள். மூடி தொடங்கும் இடத்தில் மட்டும் தையலை நெருக்கிப் போடுங்கள். திறந்து மூடும்போது அதிகம் இழுபடும் இடம் அதுதான்.