ஃபலனாப்சிஸ் ஆர்க்கிடுக்குத் தொட்டி மாற்றும் முறை

வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட், இயற்கையில் பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றி வாழ்வதால், அதன் வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் தேவை. தொட்டியிலுள்ள மரப்பட்டைத் துண்டுகள் மட்கித் தூளாகும்போது காற்று புகும் இடைவெளிகள் அடைபட்டு வேர் அழுகத் தொடங்கும். ஆகவே 1 அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூக்கள் உதிர்ந்த பின், தொட்டியை மாற்றுவது நல்லது.

புதிய பட்டைத் துண்டுகளை முந்தைய இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். செடியை மெல்ல வெளியே எடுத்து, பழைய பட்டை முழுவதையும் உதிர்த்துவிடுங்கள்.

வேர்களை ஆராய்வதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். வெளிச்சம் படாத நல்ல வேரும் மஞ்சளாகவோ இளம்பழுப்பாகவோ தோன்றக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருப்பது உயிருள்ள வேர். கூழாகவோ உள்ளீடற்றோ இருப்பதை, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். ஐயம் எழுந்தால் வெட்டாமல் விடுவதே மேல்.

வேர்கள் கொள்ளுமளவுக்கு மட்டும் இடமுள்ள, அடியில் துளைகள் கொண்ட தொட்டியே போதும். பெரிய தொட்டியில் ஈரம் நெடுநேரம் தங்கிவிடும். இலைகள் கிளம்பும் நடுப்பகுதி புதையாதபடி செடியை நிறுத்தி, பட்டைத் துண்டுகளை இடைவெளிகளில் நிரப்புங்கள். வெட்டிய காயங்கள் உலர்வதற்காகச் சில நாட்கள் நீர் ஊற்றாமல், நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். புதிய வேர்நுனி தெரிந்த பிறகே உரமிடுங்கள்.