"முதல்ல இருந்து சொல்லும்மா": குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் பழையவர்களின் தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். குழந்தையை அதட்டக் கூடாது, பெயரை வெளியில் விடக் கூடாது என்பதெல்லாம் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

திரும்பத் திரும்பக் கேட்பது

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையிடம் நடந்ததை எத்தனை பேர் கேட்கிறார்கள்: பள்ளியில் டீச்சர், ஹெட்மாஸ்டர். பிறகு போலீஸ், டாக்டர், கவுன்சலர், குழந்தைகள் நலக் குழு. ஒன்பது வயதுப் பிள்ளை ஐந்தாம் முறை சொல்லும்போது பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டு "ம்" என்று நிறுத்திவிடும். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொன்னதற்கும் வித்தியாசம் வரும். எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது அதைத்தான். அதிர்ச்சியில் நினைவு துண்டு துண்டாக வரும், அது பொய்க்கு அடையாளமல்ல. குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 33ஆம் பிரிவு 2012இலேயே சொல்லிவிட்டது. அக்கறை என்ற பெயரில் நாம் அதையே அறைக்கு அறை செய்வதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

முதலில் கேட்பவருக்குத் தேவை இரண்டே விஷயம்: காயம் உண்டா, இன்று இரவு வீட்டில் பாதுகாப்பா. தானாகச் சொல்வதைக் குழந்தையின் வார்த்தையிலேயே எழுதுங்கள். "அங்க தொட்டாரு" என்றால் அப்படியே; "பாலியல் சீண்டல்" என்று மாற்றாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி, தேதி, நேரம் எல்லாம் அதே தாளில் இருக்கட்டும். "மாமாதானே தொட்டாரு?" என்று பதிலை வாயில் ஊட்டாமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அடுத்தவர் தாளைப் படித்துவிட்டு, தன் வேலைக்குத் தேவையானதில் விடுபட்டதை மட்டும் கேட்கட்டும். தகவலை உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம்.

கதவை மறித்து உட்காருவது

வேண்டாம். குழந்தைக்கு வெளியே போகும் வழி தெரிய வேண்டும்.

"போகப் போகப் பழகிடும்"

பழகாது. இந்தக் கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு நம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சொந்தப் பிள்ளையைத் தெருவில் விளையாட விடவே பயம் வரும். வருஷத்துக்கு ஒரு யோகா வகுப்பால் இது தீராது. வேலையைப் பிரிக்கும் விதம் மாற வேண்டும். கனமான இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து ஒருவரிடமே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு 15 நிமிடம் இடைவெளி விடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு பேச ஒதுக்குங்கள். அதில் டார்கெட் பேச்சே வரக் கூடாது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம்.

சாப்பாட்டு மேஜையில் கொட்டுவது

மனபாரத்தை வீட்டாரிடம் இறக்கும் முன், "கனமான விஷயம், இப்போ கேக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கு விவரம்

ஒரு வரிகூடக் கூடாது.