தூக்கம் வராத துப்பறிவாளரும் அவர் பார்த்த கொலையும்: இந்தக் கதையை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறக்கம் வராமல் நள்ளிரவில் நகரத்தைச் சுற்றிவரும் துப்பறிவாளர் ஒருவர் தற்செயலாக ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறார். காவலர்கள் வந்து சேரும்போது அவர் சொன்ன இடத்தில் உடலும் இல்லை, தடயமும் இல்லை. தொலைக்காட்சி மர்மத் தொடர்களுக்குப் பழக்கமான இந்த அமைப்பை அக்கறையோடு கையாண்ட படைப்புகளில் ஒன்று, அமெரிக்கத் தொடரான 'மங்க்'கில் 2007 செப்டம்பரில் ஒளிபரப்பான 'மிஸ்டர் மங்க் இஸ் அப் ஆல் நைட்' என்ற எபிசோடு. டோனி ஷலூப் ஏற்று நடித்த ஏட்ரியன் மங்க், சான் பிரான்சிஸ்கோ காவல்துறையின் முன்னாள் துப்பறிவாளர். எதையும் கவனிக்கத் தவறாதவர். அப்படிப்பட்டவரின் கண்ணையே யாரும் நம்பாத நிலை உருவாகும்போது கதைக்குத் தனி வலிமை கிடைக்கிறது. இதே கருவைக் குறும்படத்துக்கோ இணையத் தொடருக்கோ எடுத்துக்கொண்டு எழுதுவோரில் பலர் தூக்கமின்மையைப் பாத்திரத்தின் கண்ணுக்குக் கீழே கருவளையமாக வரைந்துவிட்டு, அது பார்வையையும் நினைவையும் என்ன செய்யும் என்பதை யோசிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மற்ற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கவனக்குறைவிலிருந்துதான் பிறக்கின்றன.

அவற்றுள் முதலாவது, தூக்கம் வராத நோயையும் தூங்க நேரமில்லாத நிலையையும் ஒன்றாக எண்ணுவது. இரண்டு இரவு தொடர்ந்து பணியில் இருந்த காவலர், நாற்காலியில் உட்கார்ந்த உடனே உறங்கிவிடுவார். நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவருக்கோ படுக்கை, இருட்டு, அமைதி எல்லாம் கிடைத்தும் உறக்கம் வராது. அவருடைய உடல் விழிப்பு நிலையிலேயே முறுக்கேறி இருப்பதால் பகலில் கண்ணை மூடினாலும் எளிதில் தூங்க முடியாது. வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகளாக, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தொல்லையைத்தான் மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். ஆகவே இரவெல்லாம் விழித்திருக்கும் நாயகன் காலையில் மேசைமேல் தலைசாய்த்துக் குறட்டை விடுவதாக எழுதினால், எழுதுபவர் ஒரு நோயைச் சொல்லிவிட்டு இன்னொரு நிலையைக் காட்டுகிறார் என்று பொருள்.

இதைவிடப் பெரிய பிழை, 'அவர் தூங்கி நாளாயிற்று, ஆகவே இல்லாத கொலையைக் கண்டார்' என்று முடிச்சை அவிழ்ப்பது. 1963 டிசம்பர் இறுதியிலிருந்து 1964 ஜனவரி வரை, கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள், விழித்திருந்தார். நான்காம் நாளில் அவர் ஒரு தெருப்பலகையை மனிதர் என்று எண்ணினார் என்பது பதிவாகியிருக்கிறது. எரிச்சலும் மறதியும் குழப்பமும் அவருக்கு வந்தன. ஆனால் அவரைக் கண்காணித்த உறக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட்டை, பத்தாம் நாளில் பின்பால் விளையாட்டில் அவர் வென்றும் இருக்கிறார். தூக்கம் கெட்ட மூளை பொதுவாக முன்னால் இருக்கும் பொருளைத் தவறாகப் படிக்கிறதே ஒழிய, துப்பாக்கியும் வசனமும் தப்பியோடும் காரும் கொண்ட முழுக் காட்சியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புனைந்துவிடுவதில்லை. பலகையை மனிதராகக் காண்பது வரை கதாசிரியருக்கு உரிமை உண்டு. பலகையே இல்லாத இடத்தில் மனிதரை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் தூக்கமின்மையைக் காரணம் காட்டினால், ஒரு மணி நேரம் ஊன்றிப் பார்த்த பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். கண்டது சரி, புரிந்துகொண்டது தவறு என்று அமைப்பதே இக்கருவுக்கு நேர்மையான வழி.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: தூங்காதவரின் கண்ணைக் கேமராவாக நினைப்பது. தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார் என்றால், அதிகாலை மூன்று மணிக்குத் தெருவில் நிற்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்நிலையில் வருவது 'மைக்ரோஸ்லீப்' எனப்படும் சில நொடித் துயில். கண்கள் திறந்தே இருக்கலாம், மூளை மட்டும் வெளியுலகைப் பதிவுசெய்யாமல் விட்டுவிடும், அப்படி ஓர் இடைவெளி விழுந்ததே அவருக்குத் தெரியாது. மர்மக் கதை எழுதுவோருக்கு இது பெரிய கொடை. சந்துக்குள் இருவர் போனார்கள், சிறிது நேரத்தில் ஒருவர் மட்டும் வெளியே வந்தார், நடுவே வேறு யாரும் வரவில்லை என்று துப்பறிவாளர் சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நடுவே எட்டு நொடிகள் அவரிடம் இல்லாமல் போயின. அந்த எட்டு நொடிகளைப் பார்வையாளர் பின்னர் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க ஒரு வழியை (கேட்ட மணியோசை ஒன்று குறைவது, சிக்னல் விளக்கு ஒரு நிறத்தைத் தாண்டிவிடுவது) முன்கூட்டியே காட்சியில் வைத்திருந்தால் போதும்.

இதே வரிசையில், எழுதுவோர் ஏறக்குறைய தொடாமலே விட்டுவைத்திருக்கும் ஓர் உண்மையும் இருக்கிறது. தூக்கமின்மை உள்ளவர்களில் சிலர் 'நேற்று இரவு முழுவதும் கண்ணை மூடவே இல்லை' என்று உளமார நம்புவார்கள். ஆய்வகத்தில் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தால் பல மணி நேரம் உறங்கியிருப்பார்கள். மனத்துக்கு அந்த நேரம் விழிப்பாகவே தோன்றியிருக்கிறது. அப்படியானால் 'ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எதிர்வீட்டுக் கதவு திறக்கவே இல்லை' என்று துப்பறிவாளர் தரும் வாக்குமூலம் கொலைகாரனுக்குக் கிடைத்த அருமையான சாட்சியம் ஆகிவிடாதா? பொய்யே சொல்லாத, எல்லோரும் மதிக்கும் ஒருவர், தம்மை அறியாமல் குற்றவாளியைக் காப்பாற்றிவிட்டார் என்ற திருப்பம் நோயிலிருந்தே இயல்பாகப் பிறக்கிறது. மாயத்தோற்றம் பற்றி எழுதுவதற்குச் செலவிடும் பக்கங்களை இதற்குச் செலவிட்டால் கதை எவ்வளவோ உயரும்.

வெளிச்சத்தையும் தூரத்தையும் பலரும் சரிபார்ப்பதில்லை. 1858ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றத்தில், டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞருக்காக வாதாடியவர் அப்போது வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கன். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஓர் இரவு, சுமார் 150 அடி தொலைவிலிருந்து நிலவொளியில் தாக்குதலைப் பார்த்ததாக முக்கியச் சாட்சி கூறினார். லிங்கன் பஞ்சாங்கக் குறிப்பை எடுத்துக் காட்டி, அந்த நேரத்தில் நிலவு மறையும் தறுவாயில் தாழ இருந்ததை நிறுவினார், ஆம்ஸ்ட்ராங் விடுதலையானார். இன்றைய கதைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். விளக்கு எரியும் அறையிலிருந்து கண்ணாடி ஜன்னல் வழியே வெளியே பார்ப்பவருக்குத் தம் அறையின் பிம்பம்தான் பெரும்பாலும் தெரியும். மங்கிய ஒளியில் முதலில் மங்குவது சிவப்பு. அது கறுப்பாகவே தோன்றும். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே நிறங்கள் இன்னும் குழம்பிப்போகும். 'சிவப்புச் சட்டை போட்டிருந்தான்' என்று தெரு மறுமுனையிலிருந்து பார்த்தவர் உறுதியாகச் சொன்னால், எழுத்தாளருக்கு அது தெரியாமல் நேர்ந்த பிழையாக இருக்கக் கூடாது. வேறெங்கோ பகல் வெளிச்சத்தில் அந்தச் சட்டையை அவர் பார்த்திருக்கிறார் என்பதற்கான துப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது, காவலர்களை அறிவில்லாதவர்களாகக் காட்டுவது. துப்பறிவாளரை யாரும் நம்பக் கூடாது என்பது கதையின் தேவைதான், ஆனால் நம்பாமல் இருப்பதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருந்தால்தான் அது வலிக்கும். அவர்கள் இடத்தை முறையாகத் தேட வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும், தேடியும் கிடைக்கவில்லை என்ற நிலைக்கு வர வேண்டும். 'இரத்தத்தைக் கழுவிவிட்டார்கள்' என்று ஒரு வரியில் கடந்துபோவதும் செல்லாது: தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரையிலும், தடய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் லுமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால் இரத்தத்தின் எச்சம் நீல ஒளியாகத் தெரியக்கூடும். ஆகவே உடலும் இரத்தமும் எப்படி இல்லாமல் போயின என்பதற்குப் பருப்பொருள் சார்ந்த விடையை எழுதுபவர் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த விடை பெரும்பாலும் முழு மர்மத்தின் சாவியாகவே இருக்கும்.

சட்டம் சார்ந்த பிழைகளில் மிகப் பெரியது, நேரில் கண்ட சாட்சியே விசாரணையையும் நடத்துவது. சந்தேக நபர்களின் படங்களை அவரே புரட்டுகிறார், ஒருவரைப் பின்தொடர்கிறார், அவர் வீட்டுக்கே சென்று பேசுகிறார், பிறகு 'இவர்தான்' என்று அடையாளம் காட்டுகிறார். குறுக்கு விசாரணையில் இது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீல் எதிர் பிகர்ஸ் வழக்கில், சாட்சி அடையாளம் காட்டுவதை நம்பலாமா என்று எடைபோட ஐந்து கூறுகளை வகுத்தது: சாட்சிக்குக் குற்றவாளியைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, அப்போது இருந்த கவனம், முன்னதாக அவர் தந்த வருணனையின் துல்லியம், அடையாளம் காட்டும்போது இருந்த உறுதி, இடையில் கழிந்த காலம். தூங்காத சாட்சிக்கு இரண்டாவதில் சறுக்கல் நிச்சயம். கதை தமிழ்நாட்டில் நடக்குமானால், நீதித்துறை நடுவர் முன்னிலையில், சந்தேக நபரை வேறு பலரோடு வரிசையில் நிறுத்தி நடத்தும் அடையாள அணிவகுப்பு நினைவில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே சந்தேக நபரைச் சாட்சி பார்த்துவிட்டாலோ, படத்தைக் காட்டிவிட்டாலோ, அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாதமாகவே எடுத்துவைப்பார். துப்பறிய வேண்டும் என்ற துடிப்புக்கும் சாட்சியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பொறுப்புக்கும் இடையே நாயகன் சிக்குவது உண்மையான நாடகம். அதை எழுதாமல் விடுவது பெரிய இழப்பு.

நினைவு பற்றியும் ஒரு சொல். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரவு முழுவதும் தூங்காமல் இருந்த பிறகு ஒரு நிகழ்வைப் படங்களாகப் பார்த்தவர்கள், பின்னர் சொல்லப்பட்ட தவறான தகவலைத் தாமே பார்த்ததாக நினைவுகூரும் போக்கு அதிகம் என்று தெரியவந்தது. ஆகவே தலைமைக் காவலர் சாதாரணமாகக் கேட்கும் 'அவன் தாடி வைத்திருந்தானா?' என்ற கேள்வியே மறுநாள் சாட்சியின் நினைவில் தாடியை முளைக்கவைக்கலாம். பலரும் விசாரணைக் காட்சியைக் கதையை முன்னகர்த்தும் சடங்காகவே எழுதுகிறார்கள். இந்தக் கருவில் அதுவே தடயம் கெடும் இடம்.

தூக்கம் ஏன் வரவில்லை என்பதற்கு விடையே தராமல் முடிப்பது இன்னொரு குறை. நான் 'மங்க்' எபிசோடைப் பெரிதும் மதிப்பது இதற்காகத்தான் (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). பகலில் தெருவில் கண்ட முன்பின் அறியாத ஒரு பெண்ணின் முகம் ஏட்ரியன் மங்க்கைத் தொந்தரவு செய்கிறது. அவரை முன்பே அறிந்தது போன்ற உணர்வு உறக்கத்தைக் கெடுக்கிறது. கொலை வழக்கு ஒரு பக்கம் நகர, இந்தக் கேள்வி தனியாக நகர்ந்து, குண்டுவெடிப்பில் இறந்த அவருடைய மனைவி ட்ரூடியின் விழிவெண்படலம் (கார்னியா) அந்தப் பெண்ணுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற விடையில் சேர்கிறது. தூக்கமின்மைக்கும் ஒரு மர்மம், அதற்கென ஒரு துப்பு, அதற்கென ஒரு விடை. வழக்கு முடிந்ததும் நாயகன் நிம்மதியாகத் தூங்கினான் என்று முடிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! தூக்க மாத்திரை போட்டு அரை மணி நேரம் கண்ணயர்ந்ததும் கனவில் விடை வருவதாக எழுதுவதும் இதே சோம்பலின் இன்னொரு வடிவம்தான்.

படமாக்கும்போது நேரும் பிழை ஒன்று எஞ்சியிருக்கிறது. துப்பறிவாளர் சாலையின் எதிர்ப்புறம் நிற்கிறார் என்று காட்டிவிட்டு, கொலையைக் கொலைகாரனின் தோளுக்கு அருகிலிருந்து எடுக்கிறார்கள். அவர் பார்க்க முடியாததைப் பார்வையாளர் பார்த்துவிடுகிறார், அந்த நொடியிலேயே சந்தேகம் செத்துப்போகிறது. கேமரா அவர் நிற்கும் இடத்திலேயே நிற்க வேண்டும், பாதி மறைக்கும் தூணும் கடந்துபோகும் லாரியும் உட்பட. இறுதியில் உண்மையை விளக்கும்போது அந்தக் காட்சியைப் புதிதாக வேறு நடிப்போடு எடுத்து ஒட்டாமல், முதலில் காட்டிய அதே ஷாட்டையே மீண்டும் ஓடவிட வேண்டும். பத்தாவது நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் பார்வையாளருக்கு அங்கே எல்லாமே முதலிலிருந்தே இருந்தது தெரிய வேண்டும். இணையத் தளங்களில் இன்று யாரும் அப்படிப் பார்க்கக்கூடும் என்பதால், படத்தொகுப்பு மேசையில் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எபிசோடை வெளியே அனுப்பக் கூடாது.